பூட்டு உடையாத திருட்டு

ஒரு கதவு எந்தப் பக்கம் திறக்கிறதோ, அந்தப் பக்கம்தான் அதன் கீல் தெரியும். சந்தேகமிருந்தால் உங்கள் வீட்டுக் கதவையே போய்ப் பார்த்துவிட்டு வரலாம். உள்பக்கம் திறக்கும் கதவுக்குக் கீலின் மூட்டு வீட்டுக்குள் இருக்கும். வெளிப்பக்கம் திறக்கும் கதவுக்கு அது வெளியே, போவோர் வருவோரைப் பார்த்துக்கொண்டு நிற்கும். கீல் என்பது விரல் கோத்தாற்போல ஒன்றோடொன்று பொருந்திய இரண்டு தகடுகள். அந்த விரல்களுக்கு நடுவே மேலிருந்து கீழாக ஓர் ஆணி இறங்கியிருக்கும். ஆணி இருக்கும்வரை அது கதவு. ஆணியை உருவிவிட்டால் அது பலகை.

இவ்வளவு தெரிந்தால் போதும். இந்தக் கதையில் வரும் ஒரு பெரிய மன்றத்துக்குத் தெரிந்ததைவிட உங்களுக்கு இப்போது அதிகம் தெரியும்.

செம்பாக்கம் ஏரிக்குப் பக்கத்தில் ஜெயவேலு என்பவர் மாடியும் தளமுமாக ஒரு மெத்தை வீடு கட்டியிருந்தார். முன்போர்ஷனில் அவர் இருந்தார். பின்போர்ஷனில் பேபி வாடகைக்கு இருந்தாள். அவள் கணவன் அந்தோணிசாமி லாரி டிரைவர். பம்பாய்ப் பக்கம் லோடு ஏற்றிக்கொண்டு போனால் எப்போது திரும்புவான் என்பது லாரிக்குத்தான் தெரியும். அவன் சம்பளமும் டீசலைப் போல வழியிலேயே தீர்ந்துவிடும். ஆகவே வீடு நடந்தது பேபியின் தையல் மெஷினில். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு யூனிஃபார்ம் தைத்துக் கொடுப்பாள். ஜூன் மாதம் பள்ளி திறக்கும் முன்னால் தைப்பதை வைத்துத்தான் அடுத்த ஜூன் வரை சாப்பாடு.

பேபிக்குச் சமையல் எரிவாயு இணைப்பு கிடைத்தது எண்பத்தெட்டாம் வருடம். பல வருடம் காத்திருந்து கிடைத்தது. சிலிண்டரை அடுப்பங்கரையில் வைத்த பிறகுதான் ஒரு விஷயம் தெரிந்தது. பின்கதவை உள்ளே திறந்தால் அது சிலிண்டரில் இடித்தது. ஜெயவேலு நல்ல மனுஷர். ஆசாரியை அழைத்துவந்து, கதவைக் கழற்றி, வெளிப்பக்கம் திறக்கும்படி மாட்டிக் கொடுத்தார். கதவு சிலிண்டரில் இடிப்பது நின்றது. கீல் வெளியே வந்தது.

ஏப்ரலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பேபி பின்கதவுக்கு உள்பக்கம் தாழ்ப்பாள் போட்டு, அதில் பூட்டும் மாட்டிவிட்டு, முன்பக்க வழியாகப் பூசைக்குப் போனாள். திரும்பி வந்தபோது சிலிண்டர் இல்லை. தைப்பதற்காக வெட்டி வைத்திருந்த துணி இல்லை. மெஷின் மட்டும் பின்கதவு வரை இழுத்துவரப்பட்டு, நிலையருகில் நின்றது. வந்தவன் ஒற்றை ஆள். இரும்புக் காலோடு அதைத் தூக்க முடியவில்லை. பூட்டு பூட்டியபடியே இருந்தது. தாழ்ப்பாள் போட்டபடியே இருந்தது. கதவும் மூடியே இருந்தது. தரையில் கீலின் பக்கம் மட்டும் கொஞ்சம் துருப்பொடி உதிர்ந்திருந்தது.

காவல் நிலையத்தில் எழுத்தர் பேனாவைத் திறக்காமலே கேட்டார்.

"பூட்டு ஒடைஞ்சுதா?"

"இல்ல சார்."

"ஓடு பிரிச்சானா?"

"மெத்தை வீடு சார்."

"பூட்டும் ஒடையல, ஓடும் பிரிக்கல. அப்புறம் எப்படிம்மா திருட்டு? எங்கயாச்சும் வெச்சிட்டு மறந்துட்டியா பாரு."

"சிலிண்டரையா சார்?"

எழுத்தர் அடுத்த ஆளைக் கூப்பிட்டார். பூட்டு உடைந்த ஒருத்தர் பின்னால் காத்திருந்தார்.

பேபி நேராக ஜெயவேலுவிடம் போனாள். "அண்ணா, போனது போச்சு. அடுத்த தபா ரெண்டு பேரா வருவான். மெஷின் போயிடுச்சுன்னா நான் பிச்சதான் எடுக்கணும். அந்த ஆணிக்கு ஏதாவது பண்ணுங்கணா."

"இது ஒரு மேட்டரா தங்கச்சி? ஆணியோட அடிமுனையில சுத்தியால ரெண்டு போடு போட்டா நசுங்கி உக்காந்துக்கும். அப்புறம் எவன் வந்தாலும் மேல ஏத்த முடியாது" என்று ஜெயவேலு சுத்தியலை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

அவர் சொன்னது முற்றிலும் சரி. ஆணிக்கு மேலே தலை இருக்கிறது, கீழே இல்லை. கீழேயும் ஒரு தலை உண்டாக்கிவிட்டால் அது எந்தப் பக்கமும் நகராது. கதை இங்கேயே நல்லபடியாக முடிந்திருக்கும். ஆனால் மாடியில் வக்கீல் நரசிம்மலு குடியிருந்தார். அவர் வாடகைக்குப் பதிலாகச் சட்ட ஆலோசனை தருவதாக ஏற்பாடு. குடிவந்து மூன்று வருடமாகியும் ஜெயவேலுவுக்கு ஆலோசனை எதுவும் தேவைப்படவில்லை. நரசிம்மலுவுக்கு அது மனதை உறுத்திக்கொண்டிருந்தது.

"அடிக்காதீங்க!" என்று மாடிப்படியில் வேட்டியைப் பிடித்துக்கொண்டு இறங்கி வந்தார். "ஓனர், நீங்க இப்ப ரிப்பேர் பண்ணா, அதுவரைக்கும் கதவு ரிப்பேரா இருந்துதுன்னு நீங்களே ஒத்துக்கிட்ட மாதிரி. போன சிலிண்டருக்கு, துணிக்கு எல்லாம் நீங்கதான் பொறுப்பு. அடிக்காம விட்டீங்கன்னா அது எப்பவும் நல்ல கதவு."

"நல்ல கதவா? அதான் தொறந்துகினு போயிட்டானே!"

"சட்டத்துல நல்ல கதவு."

"அப்ப நான் எப்பதான் சார் அடிக்கிறது?"

"மன்றம் உத்தரவு போட்டா அடிக்கலாம். உத்தரவுப்படி அடிச்சா கீழ்ப்படிதல். தானா அடிச்சா குற்ற ஒப்புதல். ஒரே சுத்திதான், ஒரே அடிதான். ஆனா ரெண்டும் வேற."

ஜெயவேலு சுத்தியலைப் பார்த்தார். பிறகு பேபியைப் பார்த்தார். "தங்கச்சி, பேஜாரா கீதே. நீ என் மேல ஒரு கேஸ் போட்டுடேன். சத்தியமா கோச்சுக்க மாட்டேன். ஆர்டர் வந்த அன்னிக்கே அடிச்சுடறேன்."

மறுநாள் வாதியைப் பிரதிவாதியே தன் மொபெட்டில் பின்னால் உட்காரவைத்துக் கிழக்குத் தாம்பரத்துக்குக் கூட்டிப்போனார்.

வாடகைக் குடியிருப்புப் பாதுகாப்புப் பொறுப்பு நிர்ணய மன்றம் அங்கேதான் இருந்தது. பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் ஒரு மின்சார ரயில் பீச்சுக்குப் புறப்பட்டுவிடும் என்பதால் எல்லோரும் பூட்டுக் கோர்ட் என்றே சொன்னார்கள். வாடகை வீட்டில் திருட்டுப் போனால் வீட்டுக்காரர் பொறுப்பா, குடித்தனக்காரர் பொறுப்பா என்று தீர்மானிப்பதற்காக அமைக்கப்பட்டது அது. திருடன் பொறுப்பா என்பது அதன் அதிகார வரம்புக்குள் வரவில்லை.

அங்கே பகவத் கீதை, பைபிள், குர்ஆன் எதன் மேலும் சத்தியம் வாங்குவதில்லை. எல்லா மதத்தாருக்கும் பொதுவாக ஒரு பெரிய பித்தளைப் பூட்டு, பட்டுத்துணி விரித்த தட்டில் வரும். வாதி அதைத் தொட்டு, "திறவாத உண்மையையே சொல்வேன்" என்று சொல்ல வேண்டும். பிரதிவாதி அதை இழுத்துப் பார்த்து, "பூட்டியிருக்கிறது" என்று சொல்ல வேண்டும். அதற்குப் பிறகுதான் தலைவர் வருவார். அவர் உட்காரும் வரை எல்லோரும் தங்கள் வீட்டுச் சாவியைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்திருக்க வேண்டும். சாவி கொண்டுவர மறந்தவர்களின் வழக்கு அன்றைக்கு எடுக்கப்படாது.

தலைவர் சந்திரமௌலி பதவிக்கு வரும் முன் வேறு ஓர் இலாகாவில் எடைக்கற்களுக்கு முத்திரை போடும் பிரிவில் இருந்தவர். எதையும் நிறுத்துத்தான் பேசுவார்.

"பாதுகாப்பு என்றால் என்ன?" என்று ஆரம்பித்தார். யாரும் பதில் சொல்லவில்லை. சொல்லக் கூடாது என்று வாசலிலேயே சொல்லியிருந்தார்கள். "பாதுகாப்பு என்றால் பூட்டு. விதிகளில் அப்படித்தான் இருக்கிறது. விதிகளை எழுதிய குழுவில் நானும் இருந்தேன். ஏழு மாதம் உட்கார்ந்தோம். ஜன்னலைச் சேர்க்கலாமா என்று ஒருவர் கேட்டார். ஜன்னலைச் சேர்த்தால் காற்றையும் சேர்க்க வேண்டிவரும் என்று விட்டுவிட்டோம். அம்மா, உங்கள் வீட்டுப் பூட்டு உடைக்கப்பட்டதா?"

"இல்லைங்க சார். பூட்டு இந்தப் பக்கம். அவன் கதவை அந்தப் பக்கமா தொறந்துட்டான்."

"எந்தப் பக்கமாக?"

"கீல் இருக்கிற பக்கமா சார்."

தலைவர் கண்ணாடியைக் கழற்றினார். "கீல் பக்கமாகத் திறக்க அந்தக் கதவுக்கு அனுமதி இருக்கிறதா?"

நரசிம்மலு எழுந்தார். மூன்று வருட வாடகைக்குச் சேர்த்து வாதாடினார். "கனம் தலைவர் அவர்களே, திறப்பது என்றால் பூட்டை நீக்குவது. பூட்டு நீக்கப்படவில்லை. ஆகவே கதவு திறக்கப்படவில்லை. திறக்கப்படாத கதவு வழியாக யாரும் வர முடியாது. யாரும் வராத வீட்டிலிருந்து பொருள் எப்படிப் போகும்? என் கட்சிக்காரர் ஒரு முழுக் கதவைக் கொடுத்திருக்கிறார். அது இன்றைக்கும் முழுக் கதவாகவே இருக்கிறது."

மன்றத்தில் ஒரு பாராட்டு முணுமுணுப்பு எழுந்தது. பேபி ஜெயவேலுவைப் பார்த்தாள். ஜெயவேலு தரையைப் பார்த்தார்.

"சார்," என்றாள் பேபி. "நான் நஷ்டம் எதுவும் கேக்கல. ஆணிக்கு அடியில ரெண்டு அடி அடிச்சுக்க ஒரு உத்தரவு போடுங்க. அண்ணன் அடிக்கத் தயாராத்தான் இருக்கார். சுத்தி வண்டியிலயே இருக்கு."

தலைவர் பதறிப்போனார். "அம்மா! அந்த ஆணி இந்த வழக்கின் முக்கியச் சான்று. சான்றைச் சுத்தியலால் அடிப்பதா? இன்றைக்கு ஆணியை அடிப்பீர்கள், நாளைக்குச் சாட்சியை அடிப்பீர்கள்." பிறகு இடைக்கால உத்தரவைச் சொன்னார். மன்றம் நேரில் பார்வையிட்டுத் தீர்ப்பு வழங்கும் வரை, அந்தக் கதவு இப்போது எந்த நிலையில் இருக்கிறதோ அந்த நிலையிலேயே இருக்க வேண்டும். அதை அடிக்கவோ, முறுக்கவோ, வேறு தாழ்ப்பாள் போடவோ, முட்டுக்கொடுக்கவோ கூடாது. அதை உறுதிசெய்ய ஒரு கான்ஸ்டபிள் நிறுத்தப்படுவார்.

"திருடன் வந்தா சார்?" என்றாள் பேபி.

"வரட்டும். கதவு அவனுக்காக மாறக் கூடாது. சட்டத்தின் முன் எல்லோரும் சமம்."

அப்படி வந்து சேர்ந்தவர் கான்ஸ்டபிள் சின்னப்பன். காலை பத்து மணிக்கு வந்து பின்கதவுக்கு எதிரில் ஸ்டூல் போட்டு உட்காருவார். சாயங்காலம் ஐந்தரைக்குப் போய்விடுவார். நல்ல பிள்ளை. பேபி டீ கொடுத்தால் டம்ளரைக் கழுவியே தருவார். ஒருநாள் பேபி அம்மிக்கல்லை நகர்த்திக் கதவோரம் வைக்கப் பார்த்தாள்.

"அக்கா, அக்கா! முட்டுக்கொடுக்கக் கூடாதுன்னு கீதுக்கா."

"தம்பி, ராத்திரி நீயும் போயிடற. நான் மெஷின் காலைக் கயித்தால என் காலோட கட்டிக்கினு படுத்துக்கறேன். இது ஒரு பொழப்பா?"

"இன்னாக்கா பண்றது. எனக்கு டூட்டி கதவுக்குத்தான். வூட்டுக்கு வேற ஆளு போடணும். அதுக்கு நீ தனியா கேஸ் போடணும்."

மே மாதம் மன்றம் பார்வையிட வந்தது. இரண்டு ஜீப்பில் வந்தார்கள். ஜீப்பைப் பார்த்துத் தெருவே கூடிவிட்டது. தெருவைப் பார்த்து மெயின் ரோட்டில் போனவர்களும் வந்துவிட்டார்கள். மன்றத்தில் தொழில்நுட்ப ஆலோசகர் என்று ஒருவர் உண்டு. அவருக்கு இத்தனை கூட்டம் இதற்கு முன் வாய்த்ததில்லை. கதவில் சாக்பீஸால் அம்புக்குறி போட்டு விளக்க ஆரம்பித்தார்.

"கவனியுங்கள். பலர் பூட்டைத்தான் முயல்வார்கள். அது தவறு. நேரம் வீணாகும். சரியான முறை, ஆணியின் அடிமுனையில் ஒரு சிறு ஆணியை வைத்து மேல்நோக்கித் தட்டுவது. தலை கொஞ்சம் எழும்பியதும் ஒரு குறடு." குறடு வந்தது. அவர் தட்டினார், இழுத்தார். மேல்கீல் ஆணியும் கீழ்க்கீல் ஆணியும் வெண்ணெயில் கத்தி போல வந்தன. கதவு கீல் பக்கமாக மெல்லத் திறந்துகொண்டது. கூட்டம் கை தட்டியது.

"பின்னால நிக்கிறவங்களுக்குத் தெரியலையே!" என்று ஒரு குரல் வந்தது.

ஆலோசகர் ஆணிகளைத் திருப்பிப் போட்டு, மறுபடியும் செய்து காட்டினார். மன்றத்தோடு வந்த புகைப்படக்காரருக்காக மூன்றாவது தடவை செய்தார். நான்காவது தடவை, இது எவ்வளவு எளிது என்று காட்டுவதற்காகக் கூட்டத்திலிருந்தே ஒருவரைக் கூப்பிட்டுச் செய்ய வைத்தார். கோடு போட்ட பனியன் அணிந்த ஓர் இளைஞன் முன்னால் வந்தான். ஒரே தட்டில் எடுத்தான்.

"பிரமாதம்! இதற்கு முன் பழக்கம் உண்டா?"

"இல்ல சார், நீங்க சொல்லிக் குட்த்ததுதான்" என்றான் அவன் பணிவாக. பிறகு வீட்டுக்குள் எட்டிப் பார்த்து, "மெஷின் நல்ல கண்டிஷன்ல கீது போல" என்றான். தலைவர் அவன் தோளைத் தட்டிக் கொடுத்தார். பொதுமக்கள் ஒத்துழைப்பு என்று குறிப்பெழுதச் சொன்னார்.

அதற்குப் பிறகு பேபி வீட்டை விட்டு நகரவேயில்லை. பூசைக்குப் போகவில்லை. கடைக்குப் போகவில்லை. ஆனால் பள்ளி திறக்க ஒரு வாரம் இருக்கும்போது பொத்தானும் நீல நூலும் தீர்ந்துபோயின. தாம்பரம் மார்க்கெட்டில்தான் அந்த நீலம் கிடைக்கும். ஜெயவேலு அன்றைக்கு உறவில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார்.

"தம்பி, மார்க்கெட் வரைக்கும் போய் ஓடியாந்துடறேன். கொஞ்சம் பாத்துக்கோப்பா."

"கதவைப் பத்தி நீ கவலையே படாதக்கா. அது என் பொறுப்பு" என்றார் சின்னப்பன்.

அவள் திரும்பி வந்தபோது அவர் ஸ்டூலில் அதே இடத்தில் உட்கார்ந்திருந்தார். கதவு மூடியிருந்தது. பேபி முன்வாசல் வழியாக உள்ளே போனாள். மெஷின் இருந்த இடத்தில் தரை சுத்தமாக இருந்தது. தைத்து அடுக்கிவைத்த சட்டைகளும் இல்லை. பொத்தான் பொட்டலத்தைக் கீழே போட்டுவிட்டு வெளியே ஓடி வந்தாள்.

"தம்பி! யாரு வந்தா? மெஷின் எங்க?"

"ரெண்டு பேரு வந்தாங்கக்கா, மீன்பாடி வண்டி எட்த்துகினு. அன்னிக்குக் கோடு பனியன் போட்டுகினு வந்தானே, அவனும் இன்னொருத்தனும். ஆணிய உருவுனாங்க. நான் விடுவேனா? 'தோ பாரு, இது மன்றத்து ஆணி. எட்த்தா எட்த்த மாரியே போட்டுட்டுப் போவணும்'னு கறாரா சொல்லிட்டேன். நல்ல பசங்கக்கா, எதிர்த்துப் பேசல. போவசொல்ல கரீட்டா போட்டுட்டாங்க. மேல் ஆணிய மட்டும் கீழ மாத்திப் போட்டான். கழட்டி ஒயுங்கா போட வெச்சேன்."

"அவங்க தூக்கினு போனதைப் பாக்கலையா?"

சின்னப்பன் யோசித்தார். "அத்த கவனிக்கலக்கா. நான் ஆணியையே பாத்துகினு இருந்தேன்."

பேபி அந்த இடத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். அழுகைகூட வரவில்லை. சின்னப்பன் ஓடிப்போய் அவளுக்குத் தண்ணீர் கொண்டுவந்தார். கதவைத் தொடாமல், முன்வாசல் வழியாகவே சுற்றிக்கொண்டு போய்க் கொண்டுவந்தார்.

தீர்ப்பு ஜூன் மாதம் வந்தது. அதற்குள் துணி கொடுத்த பெற்றோர்கள் பேபியின் வாசலில் வந்து சண்டை போட்டுவிட்டுப் போயிருந்தார்கள். சிலர் பாவம் பார்த்து விட்டுவிட்டார்கள். சிலர் அவளிடமிருந்த பித்தளை அண்டாவை எடுத்துக்கொண்டு போனார்கள். பூட்டு தட்டில் வந்தது. பேபி தொட்டாள். ஜெயவேலு இழுத்துப் பார்த்தார். சாவிகள் தலைக்கு மேல் உயர்ந்தன.

"முதலில் கான்ஸ்டபிள் சின்னப்பனை மன்றம் பாராட்டுகிறது" என்றார் தலைவர். "ஒரு திருட்டே நடந்தபோதும் சான்று சிறிதும் மாறாமல் காப்பாற்றியிருக்கிறார். இப்படிப்பட்டவர்கள் இருக்கும்வரை நாட்டில் கதவுகளுக்குக் கவலையில்லை. அடுத்து, வீட்டு உரிமையாளரின் பொறுப்பு. அது பூட்டு வரை. இரண்டு திருட்டிலும் பூட்டு அசையாமல் நின்று தன் கடமையைச் செய்திருக்கிறது. ஆகவே அவர் பொறுப்பல்ல. குடித்தனக்காரர் விஷயம் வேறு. இந்த வீடு பாதுகாப்பற்றது என்று இதே மன்றத்தில் சத்தியம் செய்து சொன்னவர் அவர். பாதுகாப்பற்றது என்று தெரிந்தும் அதே வீட்டில் ஒரு நல்ல மெஷினை வைத்திருக்கிறார். இது அலட்சியம்."

"பின்ன எங்க சார் வைக்கிறது?" என்றாள் பேபி.

"பாதுகாப்பான வீட்டில்."

"அந்த வீட்டைப் பாதுகாப்பா பண்ணிக்கத்தானே சார் உத்தரவு கேட்டேன்?"

தலைவர் முகம் மலர்ந்தது. இந்தக் கேள்விக்காகவே காத்திருந்தவர் போல முன்னால் சாய்ந்தார். "அதைத்தான் இப்போது வழங்கப்போகிறேன். சான்றாக இருந்த ஆணியின் வேலை முடிந்துவிட்டது. இனி அதன் அடிமுனையை அடித்து நசுக்க மன்றம் அனுமதிக்கிறது. இரண்டு அடி போதுமென்று கேட்டிருந்தீர்கள். மன்றம் மூன்று அடி வழங்குகிறது. அம்மா, நீங்கள் கேட்டது அப்படியே கிடைத்திருக்கிறது. இந்த வழக்கில் வென்றவர் நீங்கள்தான்."

எல்லோரும் கை தட்டினார்கள். நரசிம்மலு வந்து பேபிக்கு வாழ்த்துச் சொன்னார். தன் கட்சிக்காரரும் தோற்கவில்லை என்று ஜெயவேலுவுக்கும் வாழ்த்துச் சொன்னார். மன்றம் சான்றளித்த பாதுகாப்பான வீடு என்பதால் இனி வாடகையைக் கூட்டலாம் என்று ஒரு சட்ட ஆலோசனையும் கொடுத்தார். ஜெயவேலு அவரை மொபெட்டில் ஏற்றிக்கொள்ளாமல் வந்துவிட்டார்.

வீட்டுக்கு வந்ததும் சட்டையைக்கூட மாற்றாமல் சுத்தியலோடு பின்பக்கம் போனார். கீழ்க்கீலில் மூன்று அடி. மேல்கீலில் மூன்று அடி. ஆணிகளின் அடிமுனை காளான் போல மலர்ந்து தகட்டோடு ஒட்டிக்கொண்டது. எல்லாம் சேர்ந்து ஒரு பீடி பிடிக்கும் நேரம்கூட ஆகவில்லை. குறடால் இழுத்துப் பார்த்தார். ஆணி அசையவில்லை. தோளால் இடித்துப் பார்த்தார். கதவு சுவரைப் போல நின்றது.

"முடிஞ்சுது தங்கச்சி" என்றார். "இனிமே எவன் வந்தாலும் உள்ள நுழைய முடியாது."

பேபி காலியான அறையின் நடுவில் முட்டியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"தொறந்தே போட்டு வைங்கணா" என்றாள். "தூக்கினு போறதுக்கு இங்க ஒண்ணும் இல்ல. எவனாவது உள்ள வந்து பாத்துட்டு, மனசு கேக்காம எதையாவது வெச்சிட்டுப் போனாத்தான் உண்டு."